யங் நாயகத்தின் அக்கா

அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார், லீனா. சாய்மானம் கொஞ்சம் பின்னுக்குப் போகும், பயப்படாதே, விழாது. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. டத்தோ கிராமாட் சாலை முழுக்க நீ நடந்தே வந்திருக்கிறாய் என்று உன் செருப்பைப் பார்த்தாலே தெரிகிறது. ஒரு ரிக்‌ஷா பிடித்திருக்கலாம். கல்யாணப் பெண் இப்படி முகம் கறுக்க அலையக் கூடாது.

போன ஞாயிறு பூசையில் சாமியார் உன் பெயரையும் தைப்பிங் மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து ஓலை வாசித்தபோது நான் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அவர் சொன்னதும் ஓரிரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன். என்ன தடை இருக்கப் போகிறது. ரயில்வேயில் கிளார்க், குடிப்பழக்கம் இல்லை என்று கேள்விப்பட்டேன். நல்ல இடம்.

நீ எதற்கு வந்திருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. என் தம்பி வேதத்திடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாய். சண்டைக்கு முந்தின நாள் பாசார் சந்தை வாசலில் அவனிடம் கோபித்துக்கொண்டாய். "கப்பல்ல நீங்க மட்டும் போங்க, குத்து வாங்குற மனுசனுக்குப் பொண்டாட்டி எதுக்கு" என்று சொன்னாய். மறுநாள் மேடையில் அவன் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூட்டத்தில் உன் முகத்தைத் தேடினான், அதனால்தான் அடி விழுந்தது என்று ஒரு வருஷமாக உனக்குள் ஒரு கல் கிடக்கிறது. அந்தக் கல்லோடு நீ பீடத்துக்கு முன்னால் போய் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. உன்மேல் தப்பில்லை, அம்மா. ஏன் இல்லை என்று சொல்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை. அவன் உள்ளே தூங்குகிறான்.

எங்கள் அம்மா காய்ச்சலில் போனபோது வேதம் தூளியில் கிடந்தான். நான் பாவாடை கட்டுகிற வயசு. அவன் பசித்து அழுதால் மொத்த வரிசை வீட்டுக்கும் கேட்கும். அம்மா செய்வதைப் பார்த்திருந்தேன். சாதிக்காயைக் கல்லில் ஓர் இழைப்பு இழைத்து, பாலில் குழைத்து நாக்கில் தடவினால் பிள்ளை சமத்தாகத் தூங்கிவிடும். நம் ஆட்கள் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தானே. உன் அம்மாவும் உனக்குச் செய்திருப்பாள். அப்படித்தான் அவனை வளர்த்தேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு. பிள்ளையைச் சிஸ்டர்மார் மடத்தில் விட்டுவிட்டு வா என்றார்கள். நான் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அவன் குத்துச்சண்டைக்குப் போனதில் ஆரம்பத்தில் எனக்கு வருத்தமே கிடையாது. ஆபீஸ் முடிந்து கிளப்புக்குப் போவான். காசு வாங்காத அமெச்சூர் சண்டை என்றால் அது ஒரு மரியாதையான காரியம். மூன்று ரவுண்டு. உடம்பில் பனியன் இருக்கும். துரைமார் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அளவாகக் கை தட்டுவார்கள். ஜெயித்தவன் தோற்றவனுக்குக் கை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவான். அந்தப் பனியன் நான் தைத்தது. கைக்குக் கட்டுகிற துணியும் என் பழைய சேலையைக் கிழித்துத் துவைத்துச் சுருட்டி வைத்தது. நான்தான் கட்டிவிட வேண்டும் என்பான். கிளப்பில் கட்டிவிட ஆள் இருந்தும் வீட்டிலேயே கட்டிக்கொண்டு, சைக்கிள் ஹாண்டிலைச் சரியாகப் பிடிக்க முடியாமல் தள்ளாடிக்கொண்டு போவான்.

"இறுக்காதே அக்கா, விரல் செத்துப் போகுது" என்பான்.

"செத்தா என்ன, நாளைக்கு ஆபீசிலே பேனா பிடிக்காம தப்பிச்சுக்கலாம் இல்லே" என்பேன்.

"அப்போ ரெண்டு கையையும் இறுக்கு லா. ஒரு கையாலே எழுதச் சொல்லுவான் துரை."

அவன் சிரித்தால் கூடவே நாமும் சிரிப்போம். உனக்குத் தெரியும்.

பிறகு சீனி முகம்மது வந்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சாக்குக் கடை வைத்திருந்தாரே, அவர்தான். கடைக்குப் பின்னால் கிட்டங்கியில் ஒரு மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு நாலு பையன்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். கேளிக்கைப் பூங்காவில் சீன நாடகக் கொட்டகைக்கும் ரொங்கெங் ஆடுகிற மேடைக்கும் நடுவில் கயிறு கட்டி, டிக்கெட் போட்டுச் சண்டை நடத்துவார்களே, அதற்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். கிளப்பில் வேதத்தைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்துவிட்டார். நீ உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

"மார்த்தாக்கா, உங்க தம்பி கையிலே இருக்கிறது குத்து இல்லே, இடி. அதை வெள்ளைக்காரன் கைதட்டுறதுக்கு மட்டும் வெச்சிருக்கிறது பாவங்க்கா."

"வெள்ளைக்காரன் கைதட்டினா மூக்கு உடையாது" என்றேன்.

"உடைஞ்சா நான் ஒட்டித் தரேன். என் மூக்கைப் பாருங்க, எத்தனை ஒட்டு."

வேதம் விழுந்து விழுந்து சிரித்தான். அவர் நல்ல மனிதர். அவரைப் பற்றி நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து அவன் தொழில்காரன் ஆனான். ஆபீஸ் வேலையை விட்டான். சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள், அதில் வேதநாயகம் என்று இல்லை. யங் நாயகம் என்று இருந்தது. பத்து ரவுண்டு சண்டைக்குப் பனியன் கிடையாது. வெறும் மேலோடு, பந்தயம் கட்டிக் கத்துகிற ஆட்கள் நடுவே. கையுறையும் சின்னதாகிவிட்டது, அடி எலும்புக்கே போகும். கைக்கட்டுக்குக் கடையில் விற்கிற பட்டை வந்தது, அதைச் சீனி முகம்மதுதான் கட்டுவார். காலையில் அரை அவியல் முட்டை, மத்தியானம் ஆட்டுக்கால் சூப், எல்லாம் கிட்டங்கியில். எனக்கு வடித்த சோறு மிஞ்சும். பழக்கத்தில் இரண்டு பேருக்கு வடித்துக்கொண்டே இருந்தேன்.

ஆனாலும் ஜெயித்தான், லீனா. ஈப்போக்காரனை, சயாம்காரனை, போலீஸ்காரப் பஞ்சாபி ஒருவனை. முகத்தில் ஒரு கீறல் இல்லாமல் ஜெயித்தான். சாலையில் போனால் சீனப் பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள். நீயும் அந்தச் சமயத்தில்தான் அவனோடு பேச ஆரம்பித்தாய். அதில் எனக்கு ஒன்றும் இல்லை.

போன வருஷம் ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழிந்து, தேவமாதா மாதம், மே. மணிலாவிலிருந்து ஒரு சண்டைக்காரனை வரவழைத்திருந்தார்கள். அவனை ஜெயித்தால் வேதத்துக்குச் சிங்கப்பூரில் சண்டை, அங்கிருந்து ஜாவா, மணிலா என்று பேசி முடித்திருந்தார் சீனி முகம்மது. ஜெயிப்பது நிச்சயம் என்று எல்லாரும் சொன்னார்கள். கப்பல் ஏறுவதற்கு முன்னால் உன்னைக் கட்டிக்கொண்டு கூட்டிப் போவதாக இருந்தான். அதை என்னிடம் சொன்ன அன்று எனக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"நீ தனியா கிடக்க வேணாம் அக்கா. மடத்திலே கேட்டுட்டேன். சிஸ்டருங்க கூடவே உனக்கு ஒரு ரூம் தராங்களாம். தையல் இருக்கு, பக்கத்திலேயே கோயில். நல்லா இருக்கும் இல்லே?"

நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்ட திருப்தி அவன் முகத்தில் இருந்தது. பிள்ளையாக இருந்த இவனைக் கொண்டுபோய் விடமாட்டேன் என்று நான் சொன்ன அதே மடம். நல்லா இருக்கும் என்றேன்.

பிறகு நிதானமாக யோசித்தேன். தோற்றவனை யாரும் கப்பல் ஏற்றமாட்டார்கள். ஒரே ஒரு தடவை தோற்றால் போதும். பழையபடி ஆபீசுக்குப் போவான், கிளப்பில் மூன்று ரவுண்டு ஆடுவான், வீட்டில் சாப்பிடுவான். உன்னையும் கட்டிக்கொள்ளட்டும், இந்த வீட்டிலேயே இருங்கள் என்று உங்களுக்கு உள்ளறையைக்கூட மனசுக்குள் ஒதுக்கிவிட்டேன். யாருக்கும் கெடுதல் இல்லாத யோசனையாகத்தான் பட்டது.

பாலிக் புலாவிலிருந்து கூடைக்காரி நோர்மா சாதிக்காய் கொண்டுவருவாள், நீயும் வாங்குவாயே. அன்று கூடுதலாக வாங்கினேன். குழந்தைக்கு ஓர் இழைப்பு. வேதம் வளர்ந்த ஆள். உடம்புக்குத் தகுந்தாற்போல இழைத்தேன். சண்டையன்று மத்தியானம் என்னிடம் ஆசீர்வாதம் வாங்க வந்தான். பாலைக் கொடுத்தேன்.

"என்னக்கா, கைக்குது?"

"ஏலக்காய் முத்தல்" என்றேன்.

சிரித்துக்கொண்டே குடித்தான். நான் கொடுத்ததை அவன் என்றைக்கும் மிச்சம் வைத்ததில்லை.

ஆகவே அவன் உன்னைத் தேடவில்லை, லீனா. அவன் யாரையும் தேடியிருக்க முடியாது. எதிரில் நின்றவனே அவனுக்கு இரண்டு பேராகத் தெரிந்திருப்பான். கை தொங்கியது கவலையால் இல்லை, தூக்கத்தால். இதை நீ தெரிந்துகொண்டு நிம்மதியாகப் போக வேண்டும் என்றுதான் சொல்கிறேன். தண்ணீர் வேண்டுமா? உன் உதடு காய்ந்திருக்கிறது.

நான் அங்கே போகவில்லை, வீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். சீனி முகம்மது சொல்லித்தான் தெரியும். வேதம் சிரித்துக்கொண்டே நின்றானாம். கூட்டம், இவன் விலைக்குப் போய்விட்டான் என்று கத்தி, சோடா பாட்டிலை எறிந்ததாம். இவர் துண்டை எறிந்து சண்டையை நிறுத்தப் போக, வேதம் கையை ஆட்டி வேண்டாம் என்றானாம். அதற்குமேல் விழுந்த அடியில் பின்மண்டை பலகையில் மோதியது. ஒரு வாடகைக் கெரெத்தா பிடித்து, பின் சீட்டில் போட்டுக்கொண்டு வந்தார்கள். இத்தனை பெரிய மனிதர் இந்த வாசலில் உட்கார்ந்து பிள்ளை மாதிரி அழுதார்.

"நான் கொன்னுட்டேங்க்கா. துண்டை முன்னாலேயே எறிஞ்சிருக்கணும்."

அவர்தான் காசு வாங்கிக்கொண்டு சண்டையை விற்றுவிட்டார் என்று ஊர் பேசியது. பையன்கள் கிட்டங்கிக்கு வருவது நின்றது. கடைக்கு ஆள் வருவதும் நின்றது. கடையைச் சாத்திக்கொண்டு அலோர் ஸ்டார் பக்கம் போய்விட்டார் என்கிறார்கள். நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

டாக்டர் வந்து பார்த்தார். மூளை அதிர்ந்திருக்கிறது, தூங்கட்டும், தூக்கம்தான் மருந்து, மாதக்கணக்கில் சரியாகிவிடலாம் என்றார். தூக்கம் மருந்து என்றால் அதற்கு எனக்கு வழி தெரியும். அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் அந்தப் பாலைக் கொடுத்து வந்தேன். கொஞ்சம் தாமதமானால் எழுந்து உட்கார்ந்து சண்டை எப்போது என்று கேட்பான். கப்பல் போய்விட்டதா என்பான். அப்படி நினைத்து நினைத்து உருகுவதைவிடத் தூங்குவது நல்லது இல்லையா.

நீ அவனைப் பார்க்க வந்தாயே, பூ வாங்கிக்கொண்டு. வாயில் எச்சில் வடிய, உன்னை யாரென்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நீ வருவதாக முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தாய் அல்லவா. அன்று கொஞ்சம் கூட இழைத்துவிட்டேன். இளம் பெண், வீணாக நம்பிக்கை வைத்துக் காத்திருந்து உன் வயசு போய்விடக் கூடாது என்று நினைத்தேன். நீயும் அதற்குப் பிறகு வரவில்லை. உன் வீட்டில் தைப்பிங் வரனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு நீ நன்றாக இருக்கப் போகிறாய் என்றால் அதில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. சொல்லிக் காட்டவில்லை, அம்மா. உட்கார். இன்னும் கொஞ்சம்தான்.

இந்த வருஷம் தபசு காலம் வந்தது. எங்கள் அம்மா அதில் மிகவும் கண்டிப்பு. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தால் பாஸ்கு வரைக்கும் எங்கள் வீட்டில் இறைச்சி மட்டுமல்ல, முட்டை, நெய், பால் எதுவும் அடுப்பில் ஏறாது. சாமியார் அவ்வளவு வேண்டாம் என்பார், அம்மா கேட்கமாட்டாள். நானும் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. ஆகையால் பாலை நிறுத்தினேன். சாதிக்காயைக் கஞ்சியில் கலந்து கொடுத்துப் பார்த்தேன். அந்தக் கைப்பு பாலில்தான் அடங்கும், கஞ்சியைத் துப்பிவிட்டான். தபசு காலத்தில் பால் காய்ச்ச என் மனசு இடம் கொடுக்கவில்லை. பாவம் அல்லவா.

முதலில் இரண்டு மூன்று நாள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். அப்புறம் தூக்கம் குறைந்தது. தட்டைத் தன் கையால் பிடித்துச் சாப்பிட்டான். ஒரு நாள் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வெயிலில் நின்றான். சுவரில் விழுந்த தன் நிழலைப் பார்த்தான். மெதுவாக இடது காலை முன்னே வைத்து, இரண்டு கையையும் மோவாய்க்கு உயர்த்தினான். நிழலை ஒரு குத்து. மறுபடி ஒரு குத்து. காலும் சரியாக நகர்ந்தது. நான் ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குருத்தோலை ஞாயிறன்று நான் கொண்டுவந்த ஓலையை வாங்கி, சின்ன வயசில் செய்வதுபோல் ஒரு மடிப்புத் தவறாமல் சிலுவை முடைந்தான். பெரிய வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து தெளிவாகப் பேசினான்.

"எவ்வளவு நாளாச்சு அக்கா?"

சொன்னேன்.

"லீனா எங்கே?"

"இருக்கிறாள்" என்றேன்.

"காத்திருப்பாளா?" என்று கேட்டுவிட்டு, அவனே சிரித்துக்கொண்டான். "குத்து வாங்குற மனுசனுக்குப் பொண்டாட்டி எதுக்குன்னா. அன்னிக்கு அவ மூக்கு சிவந்திருந்ததைப் பார்க்கணுமே நீ. அதை நினைச்சுச் சிரிச்சுக்கிட்டேதான் மேடை ஏறினேன்." ஓலைச் சிலுவையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பாலுக்கு அப்புறம்தான் கண்ணு சுத்துச்சு அக்கா. பால் திரிஞ்சிருந்ததோ என்னமோ. பாவம், நீயும் அதைத்தானே குடிச்சிருப்பே. உனக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றான்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

பாஸ்கு பூசைக்குத் தானே நடந்து வருவதாகச் சொன்னான். நீ வந்திருப்பாய், எல்லார் முன்னாலும் உன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்றான். சீனி அண்ணனைக் கண்டுபிடித்து மணிலாக்காரனோடு இன்னொரு தரம் மோத வேண்டும் என்றான்.

நான் உன்னைத்தான் நினைத்தேன், லீனா. உனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். இவன் போய் நின்றால் உனக்கு எவ்வளவு சங்கடம். அவன் மனசுதான் என்ன பாடுபடும். மேலும் அவன் உடம்பு இன்னும் தேறவில்லை. அக்கா நான் பார்த்துச் சொல்கிறேன், தேறவில்லை.

பாஸ்கு விடிந்ததும் எழுந்து முகம் மழித்துக்கொண்டான். வெள்ளைச் சட்டையை நானே இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். தபசு காலம் முடிந்துவிட்டது, பால்காரன் வந்து போயிருந்தான். டம்ளரை நீட்டியபோது தயங்கினான்.

"பூசையிலே நன்மை அப்பம் வாங்கணும் அக்கா. வெறும் வயித்தோடதானே போகணும்."

"சீக்காளிக்கு விலக்கு உண்டு, குடி" என்றேன்.

குடித்தான். கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸ் போட்டான். ஒரு காலுக்குக் கயிறு கட்டி முடித்தான். மற்றதற்குக் குனிந்தவன், கொஞ்சம் இரு அக்கா என்று சொல்லித் தலையணையில் சாய்ந்தான். நான் பூட்ஸைக் கழற்றிவிட்டு, போர்த்திவிட்டு, பூசைக்குப் போனேன். மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆண்டவர் உயிர்த்தார் என்று எல்லாரும் பாடினார்கள், நானும் பாடினேன்.

பூசை முடிந்து வாசலில் நீ என்னிடம் வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? நீலச் சேலை கட்டியிருந்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்க எப்படி இருக்காங்க அக்கா?" என்று கேட்டாய். உன் கண்ணைப் பார்த்தே பதில் சொன்னேன், அப்படியேதான் இருக்கிறான், அம்மா என்று. நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை, லீனா. என் கையில் தெம்பு இருக்கிறவரைக்கும் அவன் அப்படியேதான் இருப்பான்.